390 கிராம்: காசிமேட்டிலிருந்து வந்த ஒரு பூனைக்குட்டி

பெண் குட்டி. வெள்ளை, கறுப்பு, செம்பழுப்பு மூன்றும் கலந்த உடம்பு. பால் கோரைப்பற்கள் நன்றாக வந்திருந்தன. பின்பக்கத்துப் பற்கள் அப்போதுதான் ஈறைக் கிழித்துக்கொண்டு தலைகாட்டின. அதை வைத்து வயது ஐந்து வாரம் இருக்கும் என்று குறித்துக்கொண்டேன். எடை 390 கிராம். இந்த வயதில் 500 கிராமை ஒட்டியாவது இருக்க வேண்டும்.

ஐப்பசி அடைமழை நேரம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றி இறக்கும் வேலை பார்ப்பவர், பெட்டி அடுக்குகளுக்கு நடுவே நனைந்து கிடந்த குட்டியைத் துண்டில் சுற்றி ராயபுரத்தில் இருக்கும் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். தாய்ப்பூனை வருமா என்று கொஞ்ச நேரம் பார்த்தாராம், வரவில்லை. வீட்டில் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, கழிச்சல் நிற்காததால் அவர் மனைவியும் ஆறாவது படிக்கும் மகளும் தண்டையார்பேட்டையில் உள்ள என் கால்நடை கிளினிக்குக்குத் தூக்கிவந்தார்கள்.

இந்தக் குட்டிக்கு வந்த நோய்கள் அபூர்வமானவை அல்ல. வடசென்னையில் மழைக்காலத்தில் தெருவிலிருந்து வீட்டுக்கு வரும் குட்டிகளில் பலவற்றுக்கும் இதே தொல்லைகள்தான். ஆனால் இந்த வீட்டில் நடந்த ஒரு காரியத்தை எல்லா வீடுகளிலும் செய்ய முடியும், பெரும்பாலான வீடுகளில் செய்வதில்லை. அதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதல் நாள் பார்த்தது

உடல் சூடு 97.6 டிகிரி ஃபாரன்ஹீட். பூனைக்கு 100.5க்கும் 102.5க்கும் இடையில் இருப்பதுதான் இயல்பு. நம் கணக்கில் பார்த்தால் காய்ச்சல் மாதிரி தெரியும், பூனைக்கு அதுதான் சரியான சூடு. 97.6 என்றால் குட்டி குளிர்ந்துபோயிருக்கிறது என்று அர்த்தம்.

ஈறு வெளிறியிருந்தது, விரல் வைத்தால் ஒட்டியது. தோலைக் கிள்ளிப் பார்த்து நீர் வறட்சியைக் கணிக்கும் முறை இவ்வளவு சின்னக் குட்டிகளிடம் சரியாக வராது. ஈறின் ஈரத்தையும் சிறுநீரின் நிறத்தையும் பார்ப்பது மேல். நன்றாகப் பால் குடிக்கும் குட்டியின் சிறுநீர் ஏறக்குறைய தண்ணீர் நிறத்தில் இருக்கும். இதற்கு அடர் மஞ்சள்.

வயிறு மட்டும் பலூன் போல உப்பியிருந்தது. "நல்லா சாப்பிடுது மேடம், வயித்தைப் பாருங்க" என்றாள் சிறுமி. அது சாப்பாட்டு வயிறு இல்லை, புழு வயிறு. மலத்தை நுண்ணோக்கியில் வைத்தபோது தடித்த ஓடுள்ள உருண்டைப்புழு முட்டைகள் நிறைய தெரிந்தன. இந்தப் புழு தாய்ப்பாலிலேயே குட்டிக்கு வந்துவிடும். அதனால் தெருவில் மண்ணைத் தின்றால்தான் புழு வரும் என்று நினைக்க வேண்டாம்.

முதுகில் முடியைப் பிரித்தால் மிளகுத்தூள் தூவியது போல் கறுப்புத் துகள்கள். அதில் கொஞ்சத்தை ஈரப் பஞ்சில் வைத்தேன். ஓரங்களில் செம்பழுப்பாகக் கரைந்து பரவியது. அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். கரைந்த சிவப்பு குட்டியின் ரத்தம்தான். 390 கிராம் உடம்பில் எவ்வளவு ரத்தம் இருந்துவிடும்? தெள்ளுப்பூச்சி மட்டுமே ஒரு குட்டியைச் சோகை பிடிக்கவைத்துக் கொன்றுவிடும். வெளிறிய ஈறுக்கு முக்கியக் காரணம் இதுதான் என்று நினைத்தேன்.

கழிச்சலும் சோர்வும் சேர்ந்திருந்ததால் பூனை பார்வோ வைரஸுக்கான துரிதப் பரிசோதனையும் செய்தேன். இல்லை என்று வந்தது. அது இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி போயிருக்கும். அந்த வைரஸ் வீட்டுத் தரையிலும் துணியிலும் ஒரு வருடம்கூட உயிரோடு கிடக்கும்.

வீட்டில் கொடுத்தது

நல்ல மனசோடு கொடுத்தவைதான் எல்லாம். தண்ணீர் கலந்த பாக்கெட் பால், பச்சை மத்தி மீனைக் கிள்ளிப் போட்டது, ராத்திரி குளிருக்குத் தைலம் தொட்டுத் துடைத்தது.

பசும்பாலில் உள்ள லாக்டோஸ் பல குட்டிகளுக்குச் செரிக்காது, கழிச்சலில் முடியும். தண்ணீர் கலந்தால் லாக்டோஸ் குறையும்தான், கூடவே சத்தும் குறைந்துவிடும். பச்சை மீன் விஷயத்தை அந்த அம்மாவிடம் கொஞ்சம் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் அவர் தெருவில் கூடை வைத்து மீன் விற்பவர். "பூனைக்கு மீன் ஆவாதுன்னா எப்படிங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மீன் ஆகும். ஆனால் சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது பி1 வைட்டமினை அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது. நாள்தோறும் அதையே கொடுத்தால் குட்டி தலையைத் தாங்க முடியாமல் கீழே தொங்கப் போடும், வலிப்பும் வரலாம். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். மத்தி போன்ற எண்ணெய் மீனை மட்டுமே தின்று வளரும் பூனைக்கு உடல் கொழுப்பே அழற்சி கண்டு வலியெடுக்கும் நோய் ஒன்றும் உண்டு. அதனால் வேகவைத்து, முள் எடுத்து, உப்பு மசாலா இல்லாமல், மற்ற தீனியோடு ஒரு பங்காக மட்டும் கொடுங்கள் என்றேன். "சரி, அப்ப சங்கராவுல கொஞ்சம் வேகவச்சுக் குடுக்கிறேன்" என்று உடனே புரிந்துகொண்டார்.

தைலம் கூடவே கூடாது. கற்பூரம், யூகலிப்டஸ் கலந்த எதுவும் பூனைக்கு நஞ்சு. தோலில் பூசினாலும் அது நக்கி உள்ளே கொண்டுபோய்விடும்.

சூடு, பிறகு சர்க்கரை, பிறகு தீனி

முதலில் சூடேற்றினேன். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைத்தோம், சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர இடம் வேண்டும். குளிர்ந்த குட்டிக்கு வாயில் பால் ஊற்றுவது ஆபத்து: குடல் வேலை செய்யாது, விழுங்கவும் தெரியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். குளுக்கோஸ் கரைசலை ஈறில் தடவிவிட்டு, தோலுக்கடியில் வெதுவெதுப்பான உப்புக்கரைசல் கொடுத்தேன். சூடு 100ஐத் தாண்டியதும் தலையைத் தூக்கிக் கத்தியது. அதற்கப்புறம்தான் தீனி.

தெள்ளுப்பூச்சிக்கு அன்று மருந்து எதுவும் போடவில்லை. பேன் சீப்பால் வாரி, சீப்பை ஒவ்வொரு முறையும் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தோம். சிறுமிக்கு இது கைவந்த கலையாக இருந்தது, அவ்வளவு பொறுமை. மருந்துக்கடையில் நாய்க்கு விற்கும் உண்ணிப் பவுடரையோ சொட்டு மருந்தையோ வாங்கிவிட வேண்டாம் என்று அழுத்திச் சொன்னேன். அவற்றில் சிலவற்றில் உள்ள பெர்மெத்ரின் பூனையை நடுக்கம் கொடுத்துக் கொல்லும். எடை கூடியபிறகு குட்டிக்கே உரிய மருந்தைப் போட்டோம். புழுவுக்குப் பைரன்டல் திரவம், எடைக்கு அளந்து, மறுநாள் குட்டி தெளிந்தபிறகு. இரண்டு வாரம் கழித்து மறுபடியும். மருந்து கொடுத்த மறுநாள் மலத்தில் நூடுல்ஸ் போல புழுக்கள் வந்ததைப் பார்த்துச் சிறுமியின் ஆயா (பாட்டி) பயந்துவிட்டாராம். வரத்தான் வேண்டும்.

ஒரே அறை உள்ள வீடு

புதுக் குட்டியை முதல் சில நாட்கள் ஒரு சின்ன அறையில் தனியாக வையுங்கள் என்றுதான் எல்லா இடத்திலும் சொல்வார்கள். இந்த வீட்டில் தனி அறை என்று ஒன்று கிடையாது. ஒரு கூடம், ஒரு சமையலறை, வரிசை வீடுகளுக்குப் பொதுவான குளியலறை. ஆறு பேர்: கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள், ஆயா, வளைகாப்புக்கும் பிரசவத்துக்கும் அக்கா வீட்டுக்கு வந்திருந்த தங்கை.

அறை வேண்டும் என்பதன் உட்பொருள் என்ன? குட்டி ஒளிந்துகொள்ள ஓர் இடம், அதன் வாசனை மாறாத ஒரு மூலை, யாரும் மிதிக்காத தரை. கட்டிலுக்கு அடியில் அதை அமைத்துவிடலாம். பழக்கடையிலிருந்து ஆப்பிள் பெட்டி ஒன்று, உள்ளே ஆயாவின் பழைய பருத்திப் புடவை, கட்டிலின் இரண்டு பக்கமும் போர்வை தொங்கவிட்டது. ஒரு கோடியில் தண்ணீரும் தீனியும், மறுகோடியில் குறைந்த விளிம்புள்ள பிளாஸ்டிக் தட்டில் சலித்த மணல். கடையில் கிடைக்கும் கட்டியாகும் மணல் இந்த வயதில் வேண்டாம். குட்டிகள் எதையும் வாயில் போட்டுப் பார்க்கும், அது வயிற்றில் கட்டிக்கொள்ளும். தீனி தின்றவுடனும் தூங்கி எழுந்தவுடனும் மணலில் கொண்டுபோய் விடச் சொன்னேன். சீக்கிரமே தானாகப் போகப் பழகிவிட்டது. பூனைகளுக்கு இதை யாரும் பெரிதாகக் கற்றுத்தர வேண்டியதில்லை, இடத்தைக் காட்டினால் போதும்.

பிள்ளைகள் கையோடு கை மாற்றித் தூக்குவதை நிறுத்துவதுதான் கஷ்டமாக இருந்தது. குட்டி தானாக வெளியே வந்தால் மட்டும் விளையாடலாம் என்று சிறுமி தன் தம்பிக்குச் சட்டம் போட்டாள். இரண்டு முதல் ஏழு வாரம் வரையிலான காலம் பூனை மனிதர்களோடு பழகும் முக்கியமான பருவம், எனவே கையே படாமல் வைப்பதும் தப்பு. தரையில் உட்கார்ந்து, அது மடியில் ஏறும்வரை காத்திருந்து, சின்னச் சின்ன நேரமாகத் தொடுவது நல்லது.

ஒரு நாள் குட்டிக்கு எச்சில் ஒழுகுகிறது என்று அவசரமாக வந்தார்கள். நாக்கில் சின்னப் புண். கூடத்தைக் கறுப்பு ஃபினாயில் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். ஈரத் தரையில் நடந்த குட்டி பாதத்தை நக்கியிருக்கிறது. பூனையின் கல்லீரலுக்கு ஃபினால் வகைப் பொருட்களை உடைத்து வெளியேற்றும் திறன் மிகக் குறைவு. பாதத்தைக் கழுவிவிட்டோம், புண் ஆறிவிட்டது. அப்புறம் அந்த வீட்டில் சோப்புத் தண்ணீர் மட்டும்தான். கிருமி போக வேண்டிய இடத்தில் பிளீச்சை நன்றாகத் தண்ணீர் கலந்து துடைத்து, மறுபடி வெறும் தண்ணீரில் துடைத்து, காய்ந்தபிறகு குட்டியை விடலாம். பீரோவில் போடும் அந்துருண்டையையும் எடுத்துவிடச் சொன்னேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையின்போது குட்டியின் பெட்டியைச் சமையலறைக்கு மாற்றி ஜன்னலைத் திறந்துவைத்தார்கள்.

தங்கையின் வயிற்றில் ஏழு மாசம்

"புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ல பூனை வச்சா குழந்தைக்கு ஆவாதுன்றாங்களே டாக்டரம்மா" என்று ஆயா நேரிலேயே வந்து கேட்டார். குட்டியைத் திரும்ப துறைமுகத்திலேயே விட்டுவிடச் சொல்லி அக்கம்பக்கத்தில் அழுத்தம். இந்தப் பயத்தைத் தள்ளிவிடக் கூடாது, அதன் பின்னால் உண்மை இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி, கர்ப்பிணிக்கு முதல் முறையாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். ஆனால் பூனை அதன் முட்டைகளை வெளியேற்றுவது பெரும்பாலும் வாழ்நாளில் ஒரு முறை, முதல் தொற்றின்போது ஓரிரு வாரங்களுக்குத்தான். வெளியே வந்த முட்டையும் உடனே தொற்றாது. குறைந்தது ஒரு நாளாவது ஆக வேண்டும். ஆகவே மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும். அரைவேக்காட்டு இறைச்சியிலிருந்தும் கழுவாத கீரையிலிருந்தும் மண்ணிலிருந்தும் இது தொற்றும் வாய்ப்பை நாம் மறந்துவிடுகிறோம்.

முடிவு இப்படி ஆனது: தங்கை மணல் தட்டைத் தொடுவதில்லை. அக்கா காலையில் கையுறை போட்டு அள்ளி, கட்டிப் போட்டு, சோப்பால் கை கழுவுவார். குட்டிக்குப் பச்சை மீனும் பச்சை இறைச்சியும் இல்லை, வேட்டைக்கு வெளியே விடுவதில்லை. தங்கை இதைத் தன் மகப்பேறு மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும். ஆயா இரண்டு முறை திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொண்டார். குட்டி வீட்டிலேயே இருந்தது.

மீன் தராசு

இனி நான் சொல்லவந்த காரியம். முதல் நாளே அந்த அம்மாவிடம் கேட்டேன், வியாபாரத்துக்கு எலெக்ட்ரானிக் தராசு வைத்திருக்கிறீர்களா என்று. வைத்திருந்தார். காலையில் கூடையைத் தூக்கும் முன், கழுவித் துடைத்த தராசில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், அதற்குள் குட்டி. அளவை ஒரு பழைய கணக்கு நோட்டில் சிறுமி எழுதுவாள். தீனிக்கு முன், அதே நேரம், அதே கிண்ணம்.

முதல் வாரத்தில் கோடு ஏறிக்கொண்டே போனது: 390, 395, 410, வாரக் கடைசியில் 470. விலை உயர்ந்த குட்டிப்பால் மாவு ஒரு சின்ன டப்பாதான் வாங்க முடிந்தது. அது தீர்ந்ததும், குட்டிகளுக்கான உலர்தீனியைப் பெட் கடையில் சில்லறையாக வாங்கி வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஒரு நாளைக்கு ஐந்து வேளை கொடுத்தார்கள். பெரிய பூனைத் தீனியும் நாய்த் தீனியும் வேண்டாம் என்றேன். பூனைக்குத் தாரின் என்ற சத்து உணவிலேயே கிடைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். நாய்த் தீனியில் அது போதாது.

இரண்டாவது வாரக் கடைசியில் வளைகாப்பு. வீடு நிறைய உறவுக்காரர்கள், ஸ்பீக்கர் பெட்டி, கட்டிலை வெளியே எடுத்துப் போட்டாகிவிட்டது. குட்டியின் மூலை போய்விட்டது. அன்றைக்கு 520 இருந்த எடை மறுநாள் 515, அதற்கடுத்த நாள் 500. குட்டி தின்றுகொண்டும் ஓடிக்கொண்டும்தான் இருந்தது. வீட்டில் யாருக்கும் எந்த மாற்றமும் தெரியவில்லை. ஆனால் நோட்டில் தெரிந்தது. சிறுமி தன் அம்மாவின் போனில் கூப்பிட்டு, "மேடம், ரெண்டு நாளா இறங்குது" என்றாள்.

தும்மல் ஆரம்பித்தது அன்று மாலை. மறுநாள் காலையில் இடது கண் பீளை கட்டி மூடிக்கொண்டது. பூனைகளின் சளிக்காய்ச்சல் இது, ஹெர்பிஸ், கலிசி என்ற இரண்டு வைரஸ்கள் வழக்கமான காரணம். உடம்பில் பதுங்கியிருக்கும் ஹெர்பிஸ் மன உளைச்சலில் கிளம்பும். வளைகாப்புக் கூச்சல் அதற்குப் போதும்.

வளரும் குட்டி ஒரு நாள்கூட எடை இறங்கக் கூடாது, ஒரே எடையில் நின்றாலே கவனிக்க வேண்டும். சோர்வும் பட்டினியும் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில், அவ்வளவு சின்ன உடம்பில் மிச்சம் இருக்கும் அவகாசம் மணிக்கணக்கில்தான். எந்தத் தீனி, எந்த மருந்து என்று கேட்பவர்களிடம் இப்போதெல்லாம் முதலில் தராசைப் பற்றித்தான் பேசுகிறேன்.

அந்த முன்னறிவிப்பு இருந்ததால் மருத்துவமனையில் சேர்க்காமல் வீட்டிலேயே பார்த்துக்கொள்ள முடிந்தது. கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்துக் கண்ணைத் துடைப்பது, கண் களிம்பு, ஒரு நாளில் பல தடவை கொஞ்சம் கொஞ்சமாகச் சூடான கூழ். மூக்கு அடைத்த பூனை வாசனை தெரியாவிட்டால் தின்னாது. தீனியை வெதுவெதுப்பாக்கினால் வாசனை எழும். அதற்கு மேல் பாக்டீரியா சேர்ந்திருந்ததால் டாக்ஸிசைக்ளின் கொடுத்தேன், ஒவ்வொரு வேளையும் பின்னாலேயே கொஞ்சம் தண்ணீர் ஊட்டச் சொல்லி. அந்த மருந்து உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிச் சுருக்கிவிடும்.

இதற்கு நடுவில் ஒரு இரவு பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், குழந்தைக்குக் கொடுக்கும் காய்ச்சல் மாத்திரையில் கால் பங்கு கொடுங்கள், சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார். மாத்திரை உடைத்தாகிவிட்டது. சிறுமிதான் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம் என்று தடுத்தாள். பாராசிட்டமால் பூனைக்குக் கொடிய விஷம். ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு காப்பி நிறமாக மாறி, முகம் வீங்கிச் சாகும். வளர்ந்த பூனையையே ஒரு மாத்திரை கொல்லும் என்றால் அரைக் கிலோ குட்டியைக் கால் மாத்திரை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். இதைப் படிப்பவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

பிறகு

எட்டாவது வாரம் எடை 600ஐத் தொட்டது. சளி முழுக்க விட்டபிறகு, ஒன்பது வாரத்தில் 710 கிராமில் முதல் முத்தடுப்பூசி (பூனை பார்வோ, ஹெர்பிஸ், கலிசி மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது). பதின்மூன்றாவது வாரத்தில் இரண்டாவது, அதோடு வெறிநாய்க்கடித் தடுப்பூசி. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி சில குட்டிகளில் நான்கு மாதம் வரை நீடித்துத் தடுப்பூசியை வேலை செய்யவிடாது என்பதால் பதினாறு வாரம் கடந்து மூன்றாவதும் போட்டோம்.

இதற்கு முன்பே சின்னவன் விளையாட்டில் கையில் கீறல் வாங்கியிருந்தான், லேசாக ரத்தம். கழுவச் சொன்னேன்: ஓடும் தண்ணீரில், சோப்பு போட்டு, பதினைந்து நிமிடம். தெருவிலிருந்து வந்த, தடுப்பூசி போடாத குட்டி. அதனால் அன்றே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு அனுப்பி வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்கவைத்தேன். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். பூனைக் கீறல்தானே என்று விடக் கூடாத விஷயம் இது.

இடது கண்ணில் இப்போதும் அவ்வப்போது நீர் வடிகிறது. ஹெர்பிஸ் ஒரு முறை வந்தால் உடம்பைவிட்டுப் போகாது. மழை, கூட்டம், வீடு மாற்றம் எதிலாவது மறுபடி கிளம்பலாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன். குழந்தை பிறந்து வீடு மறுபடி களைகட்டும்போது கட்டிலை மட்டும் நகர்த்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

கடைசியாக வந்தபோது ஆயா, ஒரு ஈத்து போட்டபிறகு ஆபரேஷன் செய்துகொள்ளலாமே என்றார். ஒரு தடவை குட்டி போட்டால் பூனைக்கு நல்லது என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. நான்கு மாதத்திலேயே சினைப்பட முடியும். முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பும் பெருமளவு குறையும். எடை 1.6 கிலோ, ஈறு நல்ல இளஞ்சிவப்பு. ஐந்தாவது மாதத்துக்குத் தேதி குறித்துக் கொடுத்திருக்கிறேன். அதுவரை சமையலறை ஜன்னலுக்குக் கொசுவலை போதாது, கம்பி வலை அடித்துவிடுங்கள் என்று சிறுமியின் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.